எங்க நிக்கிறீர்?

"இதெல்லாம் என்ன நிரோஜா?"

சிவாஜினி கொம்பியூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். செயின்ட்-மிஷேலில் இருந்து லவால் வரைக்கும் வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள்.

"நேற்று நான் வானை நிப்பாட்டின இடங்கள் அக்கா."

"மருந்து குடுக்க வேண்டிய வீடுகள் பதினாறு. நீர் நிப்பாட்டினது இருபத்தேழு இடம். மிச்சப் பதினொண்டும் என்ன?"

நிரோஜா வேலைக்குச் சேர்ந்து இன்னும் மூன்று மாதம் முடியவில்லை. முடிந்தால்தான் நிரந்தரம்.

வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் அந்தச் சின்னக் கொம்பனியில் மொத்தம் ஆறு வான் வண்டிகள். எது எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்வது சிவாஜினியின் பொறுப்பு. முதலாளி போன கிழமைதான், ஓடும்போது போனைத் தொடக்கூடாது என்று எல்லா வானிலும் பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருந்தார். ஒருவருக்காவது எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும் என்றும் சொல்லியிருந்தார்.

ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. நேற்றே லவாலில் இருந்து ஒரு பெண் முறைப்பாடு சொல்லிவிட்டாள். தான் மருந்துக்குக் காத்திருக்க, உங்கள் சாரதி தெருமுனைப் பலசரக்குக் கடை வாசலில் வானை விட்டுவிட்டுப் போனில் கதைத்துக்கொண்டிருக்கிறாள் என்று.

"போன் கதைக்கத்தானே நிப்பாட்டினனீர்?"

"ஓம் அக்கா."

"ஒளிக்காமல் சொல்லும். ஆரோட அப்பிடிக் கதை? உம்மட வயசை நானும் தாண்டித்தான் வந்தனான். ஆனா வேலை நேரத்தில..."

"ஐயோ, அப்பிடி ஒண்டுமில்லை அக்கா. ஓடிக்கொண்டு போன் எடுக்க எனக்குப் பயம். அடிச்சா ஓரமா விட்டிட்டுத்தான் எடுப்பன்."

"எடுக்காமல் விடலாம்தானே?"

"எடுக்காட்டி நீங்கள் ஏசுவீங்களே."

"நானோ?"

நிரோஜா தன் போனை மேசையில் வைத்தாள். நேற்று வந்த அழைப்புகள் வரிசையாக இருந்தன. வேலை நேரத்தில் பதினொன்று. பதினொன்றும் ஒரே பேர்: சிவாஜினி அக்கா.

"எல்லாம் 'எங்க நிக்கிறீர்' எண்டு கேக்க அடிச்சது," என்றாள் நிரோஜா மெதுவாக.

சிவாஜினிக்கு முகம் சூடாகிவிட்டது. எந்த வான் எங்கே நிற்கிறது என்பது முன்னால் இருக்கும் திரையிலேயே தெரியும். ஆனால் மருந்து எங்கே என்று யாராவது கேட்டால் உடனே சாரதிக்கு அடித்துவிடுவது கைக்குப் பழகிப்போன காரியம்.

அதற்காக விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

"உமக்கு மட்டுமோ போன் அடிக்கிறன்? பேரின்பநாதன் அண்ணைக்கு இதைவிடக் கூட அடிப்பன். பதினெட்டு வருசமா ஓடுறார். ஒரு முறைப்பாடு இல்லை. தேவையில்லாமல் ஒரு இடத்தில நிண்டதில்லை. நான் அடிச்சா முதல் றிங்கிலயே..."

சொல்லிக்கொண்டு வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

பேரின்பநாதனின் நேற்றைய வரைபடத்தைத் திறந்தாள். பதினெட்டு வீடு, பதினெட்டுப் புள்ளி. இடையில் எங்கும் நிற்கவில்லை. தன் போனை எடுத்து, அவருக்கு எத்தனை தரம் அடித்தோம் என்று எண்ணிப் பார்த்தாள். பதினான்கு. பதினான்கையும் அவர் எடுத்திருந்தார்.

"நீர் போம் நிரோஜா," என்றாள். "வேலைக்கு நேரமாச்சு."

"அப்ப கடிதம் அக்கா?"

"கடிதம் ஒண்டும் இல்லை. போம்."

நிரோஜா கதவைச் சாத்திவிட்டுப் போன கையோடு மேசைப் போன் அடித்தது. பேரின்பநாதன் ஓடும் லொங்குய் பக்கத்தில் இருந்து ஒரு வயதானவர். பத்து மணிக்கு வர வேண்டிய இருதய மருந்து இன்னும் வரவில்லையாம்.

"ஒரு நிமிசம், கேட்டுச் சொல்லுறன்," என்று வைத்தவளின் கை, அவளைக் கேட்காமலே பேரின்பநாதனின் நம்பரை அழுத்திவிட்டது.

ஐயோ என்று கட் பண்ணப் போனாள். அதற்குள் முதல் றிங்கிலேயே எடுத்துவிட்டார்.

"பாலத்தில நிக்கிறன் தங்கச்சி!"

பின்னால் பெரிய லொறியொன்றின் ஹோர்ன் நீளமாகக் கேட்டது.

"வையுங்கோ அண்ணை" என்று சொல்லக்கூடச் சிவாஜினிக்குப் பயமாக இருந்தது. அதைக் கேட்டு முடிக்கும் வரைக்கும் அவர் ஒரு கையால்தானே ஓட்டுவார்? வாய் திறக்காமல் கட் பண்ணினாள்.

அடுத்த நொடியே அவளுடைய போன் அடித்தது. பேரின்பநாதன் அண்ணை. திரையில் அவருடைய வான் பாலத்தில் ஓடிக்கொண்டேயிருந்தது.

அடித்து ஓய்ந்தது. மறுபடியும் மறுபடியும் அடித்தது. சிவாஜினி இரண்டு கையையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வான் பாலத்தை விட்டு இறங்கியது. இரண்டு தெரு திரும்பியது. லொங்குய் வீட்டு வாசலில் ஒருவழியாக நின்றது.

அதன் பிறகுதான் அவள் போனை எடுத்தாள்.

"என்ன தங்கச்சி, அடிச்சிட்டுக் கதைக்காமல் வைச்சிட்டீர்? என்னவோ ஏதோ எண்டு பயந்துபோனன்."

"ஒண்டுமில்லை அண்ணை. இனி நீங்கள் வான் ஓடேக்குள்ள நான் போன் அடிக்க மாட்டன். தப்பித் தவறி அடிச்சாலும் நீங்கள் எடுக்கக்கூடாது."



"ஏன் தங்கச்சி, என்னில என்ன பிழை கண்டனீர்?" அவர் குரல் நொந்துபோயிருந்தது. "இத்தனை வருசத்தில உம்மட ஒரு போன் கோலைக்கூட நான் தவற விட்டதில்லையே!"