மாற்றுச் சுருள்

அணு இணைவு ஆய்வுக்கான எந்திரத்தின் அடியில் இரண்டு காந்தச் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. எந்திரத்தை எழுப்பிய பிறகு கீழிருந்து எதையும் வெளியே எடுக்க முடியாது என்பதால், ஒன்று கெட்டால் மற்றொன்று என்று வடிவமைத்தவர்கள் அப்படி வைத்தார்கள். மின்சாரம் ஓடுகிற சுருளைச் சுற்றியவர் இருதயராஜ். மாற்றுச் சுருளைச் சுற்றியவள் அவர் மனைவி பிலோமினா.

"உன்னோடது பதினோரு வருஷமா தூங்குது புள்ள" என்று சாப்பாட்டு வேளையில் சீண்டுவார்.

"எழுப்பிப் பாருங்க, அப்பத் தெரியும்" என்பாள்.

அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. இன்று காலை எந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோதே அவருடைய சுருளில் இன்சுலேஷன் கருகிவிட்டது.

"அக்கா, இனிமே உங்க சுருளுக்குத்தான் கரண்ட். ஸ்வீட் எங்க?" என்ற பொறியாளர் கதிரவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அவரோடதை வெளிய எடுத்துருவீங்களா தம்பி?"

"எப்படிக்கா? மேல மொத்த எந்திரமும் நிக்குதே. அங்கயேதான் கிடக்கும். இணைப்பை மட்டும் கழட்டணும்."

"ஸ்பேனரை என்கிட்ட குடு."

மின்சாரம் நின்றுவிட்டதா என்று இரண்டு முறை சரிபார்த்த பிறகே அவருடைய சுருளிலிருந்து வெளியே நீண்டிருந்த செம்பு முனையைத் தொட்டாள். அது இன்னும் சூடாக இருந்தது. ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு, கையை எடுக்காமல் நின்றாள்.