மூன்று நாள் வைத்துப் பார்த்த கல்

2061 பிப்ரவரி 2, புதன்கிழமை. மாப்பிள்ளைக்கு நிச்சயதார்த்த மோதிரம் வாங்க, நானும் மகள் யாழரசியும் ஈரோட்டு வைரக்கடைக்குச் சென்றோம். இறந்தவர்களின் சாம்பலிலிருந்து செய்யும் வைரங்களில், முன்பின் அறியாதவர்களின் சாம்பலில் விளைந்த கற்களே மலிவு. ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, ஒன்றை மூன்று நாள் பூசையறையில் வைத்தோம். குறையொன்றும் நேரவில்லை.

சனிக்கிழமை கடையில் சான்றிதழைத் தந்தார்கள்: ‘மூலம்: சி. பூபதி, 2049.’

என் கணவர். அவர் சாம்பல் முழுவதையும் பவானி கூடுதுறையில் கரைத்துவிட்டதாகவே இதுவரை நம்பியிருந்தேன்.

“இதுதான் கடைசிக் கல்லுங்க. இந்தச் சாம்பல்ல வந்த மத்த நாலும் வித்துப்போச்சு,” என்றார் கடைக்காரர்.

கல்லைத் திருப்பி நீட்டினேன்.

“அப்பாவ இங்கயே விட்டுட்டுப் போலாங்கறீங்களாம்மா?” என்று யாழரசி அழுதாள்.

கல்லை வாங்கினோம். அதை மோதிரத்தில் பதிப்பதில்லை என்றும், தாம்பூலம் மாற்றும்போது பெண்ணின் தந்தைக்குரிய நாற்காலியில் வைப்பதென்றும் முடிவாயிற்று.