கலங்காத உப்புநீர்

இதயத்தை உறங்கவைத்து அதன் வேலையைத் தானே செய்யும் பெரிய இயந்திரம், குழாய்களில் உப்புநீர் நிரம்பி, அறுவை அரங்கின் மூலையில் தயாராக நின்றது. அன்றோ மருத்துவர், இதயத்தை நிறுத்தாமலே அடைபட்ட நாளத்துக்கு மாற்றுவழி தைக்கத் தொடங்கினார். தைக்கும் இடத்தை மட்டும் அசையாமல் பற்றிக்கொள்ளச் சின்னஞ்சிறு பிடிப்பான் போதுமாயிருந்தது.

"அண்ணாச்சி, இன்று உங்களுக்கு ஓய்வு. வேடிக்கை பாருங்கள்!" என்றது பிடிப்பான்.

"இதயம் தளர்ந்தால் என்னைத்தானே அழைப்பார்கள்?" என்று உறுமிய இயந்திரத்துக்கு, அவ்வழைப்பின்மேல் உள்ளூர ஆசையும் இருந்தது.

பின்புறம் தைப்பதற்காக இதயத்தைத் தூக்கிப் புரட்டினார்கள். இரத்த அழுத்தம் மளமளவென்று சரிந்தது.

"ஐயோ, முடியவில்லையே!" என்று முனகியது இதயம். பிடிப்பானோ வீம்பாக இறுக்கியது.

இயந்திரத்தை இயக்கும் விசையருகே ஒரு கை வந்து நின்றது. வாய் திறவாதிருந்தால் வெற்றி இயந்திரத்துக்குத்தான்.

"விடு தம்பி! இதயத்தைக் கீழே படுக்க விடு. நீ அழுத்துவதால் அதற்குள் இரத்தம் நிரம்பவில்லை!" என்று கத்தியது இயந்திரம்.

பிடிப்பான் நெகிழ்ந்தது. இதயம் தன் இடத்தில் அமர்ந்து, தடுமாறி, பின்பு சீராகத் துடித்தது. விசையருகே நின்ற கை விலகியது. பிடிப்பான் மீண்டும் மெதுவாகப் பற்ற, தையல் முடிந்தது.

"உனக்கு நன்றி. அந்த மூலையில் நிற்பவர் யார்?" என்று பிடிப்பானிடம் கேட்டது இதயம்.

பிடிப்பான் பதில் சொல்லுமுன் மார்பை மூடிவிட்டார்கள். செவிலி, ஒரு துளி இரத்தமும் கலவாத உப்புநீரைத் தொட்டியில் கொட்டினார்.