முதல் மரக்கால்

“நெல்லு உங்களுது மொதலாளி. வந்து அள்ளிக்கிட்டுப் போங்க” என்றாள் அம்சம்.

“என்னுதா? நல்லா இருக்கே கதை! ஊரெல்லாம் மழை பேஞ்சா அதுக்கு நானா பொறுப்பு?” என்றார் நெல் வியாபாரி சாரங்கபாணி.

ஊராட்சி அலுவலக வாசலில் பாதி ஊர் நின்றது. தை மழை நெய் மழை என்பார்கள். சொட்டுச் சொட்டாகத்தான் விழும். இந்த வருஷம் அண்டாவோடு கவிழ்த்துவிட்டது. களத்தில் முழங்கால் அளவு தண்ணீர்.

பண்ணை நிலத்தின் குத்தகை அம்சத்தின் பேரில் பதிவான பிறகு அதில் விளைந்த முதல் நெல் அது. அந்தப் பதிவுக்காக அவளுடைய தெருவே வருஷக்கணக்கில் கொடி பிடித்தது, அடி வாங்கியது, கோர்ட்டுப் படி ஏறி இறங்கியது. இந்தப் போகத்துக் குத்தகையைக் கட்டாவிட்டால் நிலம் மறுபடி பண்ணையின் கைக்குப் போய்விடும். அதற்குத்தான் பண்ணையும் காத்திருந்தது.

சர்க்கார் கொள்முதல் நிலையம் திறப்பதற்கு முன்பே அறுவடை வந்துவிட்டதால், சாரங்கபாணி சொன்னதுதான் விலை. அடிமாட்டு விலை. அம்சமும் வேறு வழியில்லாமல் வெற்றிலை பாக்கோடு அச்சார ரூபாயை வாங்கிக்கொண்டாள்.

“நேத்து என்ன நடந்துச்சு? ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க” என்றார் ஊராட்சித் தலைவர் துரைராசு.

“சாயங்காலம் வந்து அளக்க ஆரம்பிச்சாங்க தலைவரே. மொத மரக்கா விழுந்துச்சு. வானம் இடிச்சுது. மொதலாளி வண்டியைக் கட்டச் சொல்லிட்டுக் கெளம்பிட்டாங்க. அந்தத் தார்ப்பாயையாவது குடுத்துட்டுப் போங்கன்னு கெஞ்சினேன். தார்ப்பாய் நனைஞ்சா நீ வாங்கித் தருவியான்னு கேட்டாங்க.”

கூட்டம் முணுமுணுத்தது. சாரங்கபாணி சட்டை செய்யவில்லை.

“கும்பகோணத்துல எனக்கு வக்கீல் இருக்காரு. அளந்து விலை போடுற சரக்கு, அளந்து முடியறவரைக்கும் வித்தவங்களுதுதான். சட்டமே அப்படித்தான் சொல்லுது. எரிஞ்சாலும் அவங்களுது, கரைஞ்சாலும் அவங்களுது.”

“சட்டம் இருக்கட்டுங்க. நம்ம பக்கத்து வழக்கம் வேற. அளக்குறவன் மொத மரக்காலைப் போட்டு ‘லாபம்’னு சொல்லிட்டா, குவியல் கைமாறிட்டதா அர்த்தம்” என்றார் துரைராசு.

அது உண்மைதான். களத்தில் யாரும் ஒன்று என்று எண்ணத் தொடங்குவதில்லை. ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுவிடுமாம். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணிக்கை போகும்.

எல்லோரும் ஐயாவுவைப் பார்த்தார்கள். சாரங்கபாணியிடம் கூலிக்கு நெல் அளப்பவன், அம்சத்தின் தெருக்காரன்.

“ஐயாவு, மொத மரக்காலைப் போட்டப்ப நீ என்ன சொன்ன?”

ஐயாவு முதலாளியைப் பார்த்தான். முதலாளி தொண்டையைச் செருமினார்.

“ஒண்ணுன்னு சொன்னேனுங்க.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. துரைராசுவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. “பொறந்ததுலேர்ந்து மரக்கா பிடிக்கிறவன், நேத்து மட்டும் ஒண்ணுன்னு சொன்னியா?”

“வாய் தவறிப் போச்சுங்க.”

“கூலிக்கு மாரடிக்கிற பயலே!” என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். ஐயாவு தலையைக் குனிந்துகொண்டான்.

“லாபம் சொல்லலை. அப்பறம் என்ன?” சாரங்கபாணி எழுந்தே விட்டார். “காலையில வாய்க்கா கரையிலேர்ந்து பாத்தேன். வைக்கோலுக்கு அடியில கறுத்துப்போய் மிதக்குது. அதை எவன் வாங்குவான்?”

“கிட்டக்க போயி பாருங்க மொதலாளி. பேசின வெலையே போதும். நெல்லு உங்களுதுதான்” என்றாள் அம்சம்.

“அந்தச் சேத்துல நான் எறங்கணுமா? வேலையைப் பாரு!”

“கடைசியா கேக்கறேன். வேணாமா?”

“வேணாம், வேணாம், வேணாம்! அச்சாரத்தைக் குடு.”

அம்சம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ரூபாயை வெற்றிலையில் வைத்து நீட்டினாள். சாரங்கபாணி நாணயத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். துரைராசுவுக்கு மனசே இல்லை. ஆனாலும் அளக்கிறவனே இப்படிச் சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்?

“லாபம் சொல்லலை, அச்சாரமும் திரும்பிடுச்சு. வியாபாரம் முறிஞ்சுது. நெல்லு அம்சத்துதுதான்” என்று பெருமூச்சோடு முடித்தார்.

“நெல்லு என்னுது. எல்லாருக்கும் கேட்டுச்சுல்ல?” என்று அம்சம் ஒருமுறை சுற்றிப் பார்த்துக் கேட்டாள். அவளுடைய தெருச் சனங்கள் மட்டும் தலையை ஆட்டினார்கள். அவர்களில் ஒருவர் முகத்திலும் துக்கம் இல்லை. சாரங்கபாணி வண்டியேறிப் போய்விட்டார்.

வண்டிச் சத்தம் மறைந்ததும் அம்சம் பள்ளிக்கூடக் கொட்டகைக்குப் போய்க் கதவைத் திறந்தாள். வானம் இடித்ததுமே தெருவே கூடிக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டிய நெல், ஒரு மணிகூட நனையாமல் கிடந்தது. களத்தில் மிதந்தது தூற்றிப் போட்ட பதர். மன்னார்குடியில் சர்க்கார் கொள்முதல் நிலையம் நாளைக் காலையில் திறக்கிறது.

நேற்று கடைசிக் கூடையைத் தலையில் சுமந்து வந்த ஐயாவு, மரக்காலை நெல்லுக்குள் அழுத்தி எடுத்துச் சாக்கில் கொட்டினான். பிறகு தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்:

“லாபம்!”