பூட்டிய உலர்த்தி

"அரசாங்கம் குடுத்த மெஷின் பூட்டிக் கெடக்கு. மீன் மணல்ல கெடக்கு. இது என்னம்மா நியாயம்?"

ஜீப்பிலிருந்து இறங்கியதும் அதிகாரி ஆனந்தராஜ் கேட்ட முதல் கேள்வி. மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான். மீமிசலுக்கு இதுதான் முதல் தடவை.

மெஷின்காரி அடைக்கலமேரி, கருவாடு போடுகிறவள், வானத்தைப் பார்த்தாள். மணலில் விரித்த வலையில் நெத்திலி கிடந்தது. வானம் மூடிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கொட்டகைக்குள், பீரோ உயரத்தில், சூரிய சக்தியில் ஓடும் மீன் உலர்த்தி. கதவில் பூட்டு.

புதுத் தொழில்நுட்பத்துக்கு மாறுகிற சிறுதொழில்களுக்கு அரசு தரும் மானியத்தில் வாங்கியது. பாதி மானியம் வந்துவிட்டது. மெஷினில் மீன் காய்கிறது என்று அதிகாரி எழுதினால்தான் மீதி. மீதி வராவிட்டால் கடன் கொடுத்த பேங்க்காரர்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

"ஃபைல் எங்கய்யா?"

கூட வந்த குமாஸ்தா சிவபிரகாஷ் தலையைச் சொறிந்தான். "ரெக்கார்டு ரூம்ல இருக்கு சார்."

"ஃபைல் இல்லாம இன்ஸ்பெக்சனுக்கு வந்த ஆளு நீ ஒருத்தன்தான். நாளைக்குக் காலையில என் மேஜையில இருக்கணும்."

"சரிங்க சார்."

சத்தம் கேட்டு முனியாயி வந்தாள். அவளும் கருவாடு போடுகிறவள். பக்கத்து மணல்.

"ரெண்டு நாளா இப்படித்தான் சார் பூட்டி வச்சிருக்கா. இதே மெஷினுக்கு நான் எழுதிக் குடுத்து எட்டு மாசமாச்சு. எனக்கு வரல. வந்தவ பூட்டி வச்சு அழகு பாக்குறா."

"ஏன்டி, போய் ஒன் மீனப் பாரு. காக்கா தூக்கிட்டுப் போகுது" என்றாள் மேரி.

அதிகாரி கொட்டகைக்குள் போனார். காதைக் கதவில் வைத்தார்.

"உள்ள ஃபேன் ஓடுதே. என்ன காயுது?"

மேரி சிவபிரகாஷைப் பார்க்கவில்லை. சிவபிரகாஷ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"துணி சார்."

"துணியா?"

"மழக்காலம் சார். வீட்டுல பொம்பளப் புள்ளைக ரெண்டு இருக்குக. உள்பாவாடை, மத்தது எல்லாம் உள்ளதான் கெடக்கு. தொறக்கவா?"

அதிகாரி இரண்டு எட்டு பின்னால் போனார். முனியாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜீப் டிரைவர் கடலைப் பார்த்தார்.

"ஏம்மா, மண்ணு இல்லாம, ஈ மொய்க்காம கருவாடு போடணும்னு வருசக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி ஒரு மெஷினக் கண்டுபிடிச்சா, நீ பாவாடை காயப் போடுற. ஒன்ன மாதிரி நாலு பேரு போதும், அடுத்தவங்களுக்கும் திட்டத்தக் கெடுத்துருவீங்க."

"தப்புத்தான் சார்."

"மீதி வராது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அத அப்படியே எழுதுங்க சார்" என்றாள் முனியாயி.

ஜீப் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்து அவர் எழுதினார். 'உலர்த்தி உரிய பயன்பாட்டில் இல்லை. மீதித் தொகைக்குப் பரிந்துரைக்க இயலாது.' கையெழுத்துப் போட்டுக் குமாஸ்தாவிடம் நீட்டினார்.

"அந்தம்மா ஃபைல்ல சேத்துரு."

ஜீப் போய்விட்டது. பின்னாலேயே தூறல். மேரி ஓடிப்போய் வலையைச் சுருட்டித் தார்ப்பாயை இழுத்துப் போடுவதற்குள் பாதி நெத்திலி நனைந்துவிட்டது. எதிர் மணலிலிருந்து முனியாயி கத்தினாள்: "போ, பாவாடையோட சேத்துக் காயப் போடு!"

மேரி நனைந்த மீனைத் தனியாகப் பொறுக்கினாள்.

சாயங்காலம் சிவபிரகாஷ் பைக்கில் வந்தான். கையில் காலிச் சாக்கு. மேரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள்.

உள்ளே பாவாடையும் இல்லை, சேலையும் இல்லை. தட்டுத் தட்டாக மானிய ஃபைல்கள்.

வெள்ளிக்கிழமை ரெக்கார்டு ரூம் ஜன்னலைச் சாத்த மறந்து வீட்டுக்குப் போனவன் சிவபிரகாஷ். ஒப்பந்த வேலை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை. திங்கட்கிழமை கதவைத் திறந்தால் ஜன்னலோரம் இருந்த மானிய ஃபைலெல்லாம் ஊறிக் கிடந்தன. வீணாகிவிட்டால் இவன் வேலை போகும். மனுக் கொடுத்த அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். சாக்கில் கட்டி இங்கே தூக்கிக்கொண்டு வந்தான். மீன் வாடை ஒட்டக் கூடாதென்று தட்டுகளைச் சீயக்காய் போட்டுக் கழுவி, சூட்டைக் குறைத்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து வைத்தவள் மேரி.

"நான் வாயத் தொறந்திருக்கணும்க்கா."

"தொறக்கலயில்ல. விடு."

"நாளைக்கு சார்ட்ட சொல்லிடுறேன்."

"சொல்றதும் சொல்லாததும் ஒன் இஷ்டம். மொதல்ல சாக்கப் பிடி."

ஒவ்வொரு ஃபைலாகத் தடவிப் பார்த்துப் போட்டாள். கடைசியாக இரண்டு மிஞ்சின.

"இது என்னோடது. காஞ்சிருச்சு. சாரு எழுதுனத இதுல சேத்துரு."

மற்றதை அவன் கையில் கொடுக்காமல் திரும்பவும் தட்டில் விரித்தாள்.

"இது முனியாயியோடது. ஓரத்துல இன்னும் ஈரம் இருக்கு. நாளைக்கு வந்து வாங்கிக்க."