மாப்பிள்ளையின் சின்னக் குடை

"அண்ணா, அந்தப் பொத்தான்கிட்ட ஏன் விரலை வச்சுக்கிட்டே இருக்கே? பார்க்கவே எனக்கு பயமா இருக்கு."

தங்கை சொன்னதற்காக அண்ணன் விரலை அரை அங்குலம் நகர்த்தினான், அவ்வளவுதான். கன்ட்ரோல் ரூம் திரையில் அவள் புருஷன், பலூன் கூண்டின் வாசலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். விமானங்கள் பறக்கும் உயரத்தைப்போல நாலு மடங்கு உயரம். அங்கிருந்து அவன் குதிக்கப்போவதை உலகமே நேரலையில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணனுக்கோ அடிவயிறு எரிந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவன் அவன். கீழே, இதே நாற்காலியில், மாப்பிள்ளை.

அன்றைக்குப் பாதி வழியில் அண்ணன் சுற்றுகிறான் என்று மாப்பிள்ளை இந்தப் பொத்தானை அழுத்தி, அண்ணன் முதுகிலிருந்த சின்னக் குடையை விரித்துவிட்டான். குதித்தவன் பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்தால் நிலைப்படுத்துவதற்கென்று இருக்கிற சின்ன பாராசூட் அது. உயிருக்கு உத்தரவாதம். ஆனால் அது விரிந்துவிட்டால் அந்தக் குதிப்பு சாதனையில் சேராது. அடுத்த வருஷமே காதில் கோளாறு என்று டாக்டர்கள் அண்ணனைத் தரையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் மாப்பிள்ளைக்கு இந்தக் கதைதான். "நான் மட்டும் அழுத்தலேன்னா மச்சான் இப்போ சுவத்துல போட்டோவா தொங்கிட்டிருப்பார்!" எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா மாப்பிள்ளை, நீங்க போட்ட பிச்சை" என்பான். காப்பாற்றியவன்மேல் இத்தனை ஆங்காரம் ஆகாதுதான். என்ன செய்வது, ஆறவில்லையே.

இன்றைக்கு இந்த நாற்காலி அண்ணனுக்குக் கிடைத்ததும் மாப்பிள்ளையின் வாய்க்கொழுப்பால்தான். டி.வி. காமிராவைக் கண்டால் அவனுக்குத் தலைகால் புரியாது. "அன்னிக்கு மச்சான் உயிர் என் கையில, இன்னிக்கு என் உயிர் மச்சான் கையில. வேற யாரும் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது!" என்று அறிவித்துவிட்டான். இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். ஜனங்கள் உருகிப்போனார்கள்.

"மனசுல எதையும் வச்சுக்காதேண்ணா," என்றாள் தங்கை மெதுவாக. "எனக்காகவாவது."

"இனிமே வச்சுக்க மாட்டேன். இன்னியோட இறக்கி வச்சிடறேன்."

அந்தப் பதில் அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அப்போது 'கீ கீ' என்று ஓர் அலறல். தங்கை பதறி எழுந்தாள்.

"ஒண்ணுமில்லேம்மா, டெஸ்ட் பண்றேன்," என்றார் இன்ஜினியர். "ஆள் சுத்தினாத்தான் இது கத்தும். உங்க வீட்டுக்காரர் இன்னும் குதிக்கவே இல்லை. உக்காருங்க."

மாப்பிள்ளை காமிராவைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தான். குதித்தான்.

முதலில் அம்புபோல நேராகத்தான் விழுந்தான். "அப்பாடா! இப்படியே வந்து பெரிய குடையை அவரே விரிச்சுட்டா சாதனை நம்மளது!" என்று இன்ஜினியர் வாய் மூடவில்லை, ஹெல்மெட் காமிராவில் வானமும் பூமியும் இடம் மாற ஆரம்பித்தன. 'கீ கீ' என்று அறையே அலறியது. படம் கலங்கி, கோடுகோடாகி, அப்படியே போய்விட்டது.

"அண்ணா, அழுத்து!"

அண்ணன் அழுத்தவில்லை.

"அழுத்துங்க சார்! மயக்கம் போட்டுட்டா முடிஞ்சுது கதை!" என்று இன்ஜினியர் பாய்ந்து கையை நீட்டினார். அண்ணன் உள்ளங்கையால் பொத்தானை மறைத்துக்கொண்டான். இன்ஜினியர் மீட்புக் குழுவைக் கூவி அழைத்துக்கொண்டே வெளியே ஓடினார்.

"பழி வாங்கறியாண்ணா? பாவி, என் குடியைக் கெடுத்துடாதே!" தங்கை அவன் தோளில் படபடவென்று அடித்தாள். அவன் கண்களை மூடி, எதையோ கேட்டுக்கொண்டிருப்பவன்போல அசையாமல் இருந்தான். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் சரிந்தாள்.

அறையில் ஈ பறந்தால்கூடக் கேட்கும் அமைதி. அந்த அமைதியில், 'டக்' என்று பொத்தான் அழுந்திய சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

அவள் நிமிர்ந்தபோது திரையில் படம் திரும்பியிருந்தது. சின்னக் குடை பூவாக விரிந்திருக்க, மாப்பிள்ளை அதன் கீழே பத்திரமாக இறங்கிக்கொண்டிருந்தான்.

திரும்பி ஓடிவந்த இன்ஜினியர் பெருமூச்சு விட்டார். "சாதனை போச்சு. போனாப் போகுது சார், ஆள் பொழைச்சாரே, அது போதும்!" என்று கைதட்டினார். கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தவர்களும் தட்டினார்கள்.

தங்கை அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன்னைப் போய்த் தப்பா நெனைச்சேனே! உன் நல்ல மனசு யாருக்குண்ணா வரும்?"

அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். அப்போது அவன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் மாப்பிள்ளை கத்தினான். அது வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"யோவ் மச்சான்! என்னய்யா பண்ணித் தொலைச்சே? எனக்குத்தான் சுத்தறது நின்னுடுச்சே! நேரா விழுந்துக்கிட்டிருந்தவனுக்கு எதுக்குய்யா குடை?"

அண்ணன் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மனசாரச் சிரித்தான்.

"அன்னிக்கு எனக்கும் நின்னுடுச்சு, மாப்பிள்ளை."