பச்சை மேடு

கணினித் திரையின் கடைசி வரிசையில் ஒரு பச்சை மேடு எழுந்து நின்றது.

அந்த வரிசையில் எதுவுமே எழுந்து நிற்கக் கூடாது.

ஆய்வகத் தலைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற உதவியாளரைப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டின் கைமடிப்பில் தேநீர்க் கறை, நகக்கண்ணில் கறுப்பு. ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சும் கருவிக்கென்று சுத்தம் செய்து வைத்திருக்கும் புத்தம்புது முனைகளை எடுத்துக் காது குடைகிற மனிதர். அதனால் அவள் மனதுக்குள் அவருக்குக் காதுக்காரர் என்றுதான் பெயர்.

இந்தக் கை பட்டால் எந்தக் குழாய்தான் உருப்படும்?

மலேரியாக் கிருமியின் மரபணு நான்கே எழுத்துகளால் ஆனது. இயந்திரம் அதை வாசித்து, எழுத்துக்கு ஒரு நிறமாக மேடு மேடாக வரைந்து காட்டும். அத்தனை மேடுகளில் அவர்கள் பார்ப்பது ஒரே ஓர் இடத்தை. அங்கே கறுப்பு இருந்தால் கவலையில்லை, மருந்துக்குச் சாகிற கிருமி. பச்சை இருந்தால் ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டது என்று அர்த்தம். மருந்து ரத்தத்தில் ஓடும்வரை அசையாமல் சுருண்டு கிடந்து, அது வடிந்ததும் சோம்பல் முறித்து எழுந்திருக்கும் ஜாதி.

ஓர் எழுத்து என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு அவள் ஓர் உதாரணம் வைத்திருந்தாள். மருந்து என்று எழுதி முதலெழுத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள், விருந்து ஆகிவிடும்.

அந்த ஆய்வகத்தில் பச்சையை இதுவரை யாரும் கண்டதில்லை. படத்தில் பார்த்ததோடு சரி.

நாற்பது குழாய்களில் நாற்பது நோயாளிகளின் ரத்தம். நாற்பத்தொன்றாவதில் மட்டும் ஆய்வகத்து ஆட்கள் முறை வைத்துக் கொடுக்கும் நல்ல ரத்தம். அதில் கிருமியே இல்லை என்பதால் அந்த வரிசை வெறும் கோடாகக் கிடக்கும். கிடக்காவிட்டால், வேலை செய்தவர் கை அழுக்கு.

அவள் புகார்த் தாளை எடுத்தாள். காதுக்காரர் மேல் ஏற்கெனவே ஒரு புகார் இருந்தது. இரண்டாவது விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவருக்கும் அது தெரியும். தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எழுத எழுத அவளுக்குக் காலையில் பட்ட அருவருப்பும் சேர்ந்துகொண்டது. பிள்ளையை ரத்தம் எடுக்கக் கூட்டிவந்த ஒரு தாய், பையிலிருந்து கசங்கிய மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். பாதி அட்டை அப்படியே இருந்தது.

“காய்ச்சல் விட்டுடுச்சு மேடம். மறுபடி வந்தா உதவுமேன்னு எடுத்து வச்சேன்.”

அழுகிய எதையோ மூக்கருகில் நீட்டியதுபோல் இருந்தது அவளுக்கு. பாதி மருந்து என்பது கிருமிக்கு வைக்கிற பரீட்சை. சோப்ளாங்கியெல்லாம் செத்துவிடும். தேறியது மட்டும் பெருகும், கொசு ஏறி அடுத்த வீட்டுக்குப் போகும். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி அந்தத் தாயைக் கிழிகிழியென்று கிழித்துத்தான் அனுப்பினாள்.

“ஒரு சந்தேகம் மேடம்,” என்றார் காதுக்காரர். “என் கையிலேர்ந்து ஒட்டுச்சுன்னா, இந்த நாப்பதுல ஏதோ ஒன்னுலேர்ந்துதானே ஒட்டியிருக்கணும்?”

“பின்னே, ஆகாயத்துலேர்ந்தா?”

“இல்ல, நாப்பதும் கறுப்பா இருக்கே.”

அவள் திரையை மேலே தள்ளினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாற்பது வரைக்கும் கறுப்பு. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். ஒரு பச்சைகூட இல்லை.

இல்லாத அழுக்கு யார் கையிலும் ஒட்டாது.

“அப்போ அந்த ரத்தத்துலயேதான் இருந்திருக்கு. இந்த வாரம் யாரோட முறை மேடம்?”

அவள் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி அரித்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்து, இரண்டு நாள் மலேரியா மாத்திரை விழுங்கினாள். மூன்றாம் நாள் காலையில் அவளே விரலில் குத்தி, அவளே கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தம் தடவி, அரைமணி நேரம் நுண்ணோக்கியில் பார்த்தாள். ஒரு கிருமி இல்லை. ஒரு சொட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் அதில் தெரியும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவளும் அவள்தான். ஆனால் பார்த்தது தன் கண்ணாயிற்றே. அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டாள். ரத்தம் கொடுக்கும் முறை வந்தபோது காய்ச்சலைப் பற்றி மூச்சு விடவில்லை.

கைப்பையின் உள்ளறையில் மூன்றாம் நாளுக்கான எட்டு மாத்திரைகள் இருந்தன. மறுபடி வந்தால் உதவுமே என்று எடுத்து வைத்தவை.

இந்த மூன்று வாரமும் ஜன்னலைத் திறந்து போட்டுத்தான் தூங்கினாள். பக்கத்தில் மகள். எத்தனை கொசு கடித்திருக்கும்?

காலையில் பட்ட அதே அருவருப்பு. துப்பிவிட்டு வரலாம் என்றால், துப்ப வேண்டியது வாயில் இல்லை.

புகார்த் தாளை நாலாகக் கிழித்தாள். கோட்டின் கையைச் சுருட்டிவிட்டு, பிளாஸ்திரி ஒட்டிய கையை மேசைமேல் நீட்டினாள்.

“இன்னொரு தடவை எடுங்க.”

காதுக்காரர் பிளாஸ்திரியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

தொட்டிக்குப் போய், என்றைக்கும் இல்லாத வழக்கமாக, இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். கையுறை மாட்டினார்.

அதன் மேல் இன்னொன்றும் மாட்டிக்கொண்டார்.